குறிஞ்சி: பூவின் பெயர், நிலத்தின் பெயர்

முல்லை, மருதம், நெய்தல் போலவே குறிஞ்சியும் முதலில் ஒரு தாவரம். அதன் பெயரே மலையும் மலை சார்ந்த இடமுமான திணைக்கு ஆயிற்று. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் அது மலைச்சாரலில் கரிய தண்டோடு நிற்கிறது. அதன் பூவிலிருந்து தேனீக்கள் தேன் சேர்க்கின்றன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களிலும் அது உண்டு. பின்னர் இச்சொல் பண்ணுக்கும் யாழுக்கும் பெயராயிற்று. முருகன் குறிஞ்சிக் கிழவன் ஆனான். கொடைக்கானலில் இன்றும் குறிஞ்சி ஆண்டவராக வீற்றிருக்கிறான்.

குறிஞ்சியில் வகைகள் பல. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை மலையை நீலமாக்குவதை நீலக்குறிஞ்சி என்கிறோம். தாவரவியலில் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. நீலகிரி, பழனி மலை, மூணாறு ஆகிய இடங்களின் உயரமான புல்வெளிகளே இதன் வீடு. ஒரு பகுதியின் செடிகளெல்லாம் ஒன்றாகப் பூத்து, விதை உதிர்த்து, மடிகின்றன. உதிர்ந்த விதை அதே மண்ணில் முளைத்து, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் வெயிலில் வளர வேண்டும். மூணாறில் 2006, 2018 ஆண்டுகளில் பூத்தது, அடுத்தது 2030.

அந்த மண்ணுக்கு வெள்ளையர் காலத்தில் வேறு பெயர் வந்தது. மரம் இல்லாத புல்வெளி வருவாய்க் கணக்கில் தரிசாகிவிட்டது. தரிசு என்றபின் அதை எதற்கும் கொடுக்கலாம். தேயிலை ஏறியது. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில்) மரமும், விறகுக்கும் காகிதக் கூழுக்கும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் வந்தன; விடுதலைக்குப் பின்னும் நடவு தொடர்ந்தது. சீகையின் விதை மண்ணில் பல ஆண்டு உறங்கிக் கிடக்கும். மரத்தை வெட்டினாலும் தீப்பட்டாலும் கூட்டமாக எழும். அதன் நிழலில் புல்லும் போகிறது, குறிஞ்சியும் போகிறது. மழையை உள்வாங்கி ஓடைகளுக்குக் கசியவிடும் பரப்பும் சுருங்குகிறது. பவானி ஆறு பிறப்பது இப்படியொரு புல்வெளியும் சோலையும் சேர்ந்த மேட்டில்தான்.

காப்பு முயற்சிகள் இல்லாமல் இல்லை. மூணாற்றை ஒட்டிய இரவிகுளம் 1978 முதல் தேசியப் பூங்கா. வட்டவடை, கொட்டக்கம்பூர்ப் பகுதியில் 2006இல் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 2024இல் நீலக்குறிஞ்சி அழிவை நோக்கும் இனமாகச் சேர்ந்தது. பறிப்பதைத் தடுக்கச் சட்டமும் உண்டு. ஆனால் பறிக்கும் கையைவிடப் பெரிய பகை, செடி நிற்கும் இடம் பறிபோவது.

சங்கப் புலவர்களுக்குக் குறிஞ்சி என்றால் செடியும் மலையும் ஒருசேரத்தான். நம் திட்டங்களும் அப்படியே எண்ண வேண்டும். சீகையைச் சிறுகச் சிறுக அகற்றி, உள்ளூர்ப் புல்லை மீண்டும் நட்டு, மறுபடி முளைப்பதை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். பூக்கும் பருவத்தில் பார்க்க வரும் கூட்டத்தைப் பாதையோடு நிறுத்த வேண்டும். பூ வாடி விதை முற்றும் மாதங்களிலும் அந்தக் காவல் நீடிக்க வேண்டும். அரசுப் பதிவேடுகளில் 'தரிசு' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'புல்வெளி' என்று எழுத வேண்டும்.