பட்டறைக்கு வந்த ஒளி

அரசர்களுக்கு வரலாறு உண்டு, போர்களுக்கும் உண்டு. தொழிற்சாலையின் கூரையிலே எரியும் விளக்குக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. இன்று பட்டறைகளில் பழைய குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. குழல்களை மாட்டி வருகிறார்கள். மின்சாரக் கட்டணம் குறைகிறதென்று முதலாளி மகிழ்கிறார். அந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால், மின்சார வாரியத்துச் சீட்டைக் கொண்டு மட்டும் இம்மாற்றத்தை அளந்துவிட முடியாது என்பது என் கருத்து. விளக்கின் விலையைக் காசாகக் கொடுத்தவர்கள் ஒருபுறம் இருக்க, உடம்பால் கொடுத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றியே இங்கு அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

மின்சாரம் வருவதற்கு முன்னர் ஆலைகளின் தலையாய விளக்கு சூரியனே. இங்கிலாந்தின் நெசவாலைகளுக்கு ரம்பப் பல்லைப் போன்ற கூரை அமைத்து, அதன் கண்ணாடிப் பக்கத்தை வடக்கு நோக்கி வைத்தார்கள். அங்கே வடக்கிலிருந்து நேர்வெயில் விழாது. சீரான வெளிச்சம் கிடைக்கும். பிறகு குண்டு விளக்கு வந்தது. அது பெற்ற மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதியை வெப்பமாக்கி வீணடித்தது. 1901-ஆம் ஆண்டில் அமெரிக்கரான பீட்டர் கூப்பர் ஹியூவிட் பாதரச ஆவி விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். நீண்ட கண்ணாடிக் குழலைச் சாய்த்து, உள்ளேயிருக்கும் பாதரசத்தை ஓடவிட்டு, அதனை ஏற்ற வேண்டும். ஒளி மிகுதிதான், ஆனால் அந்த ஒளியில் சிவப்பு என்பது இல்லை. அதன்கீழ் நிற்பவருடைய உதடு கறுத்து, முகம் பிணத்தின் முகம்போலத் தோன்றும். வீட்டுக்கு ஆகாத அவ்விளக்கைத் தொழிற்சாலைக்குப் போதும் என்று வைத்தார்கள்!

இக்குறையைத் தீர்த்ததே ஒளிர்பொடி பூசிய குழல் விளக்கு. குழலுக்குள் சிறிதளவு பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாயும்பொழுது அவ்வாவி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை மிகுதியாக வெளியிடுகிறது. குழலின் உட்சுவரில் பூசிய பொடி அக்கதிரை உண்டு, வெண்மையான ஒளியை உமிழ்கிறது. ஜெர்மனியில் எட்மண்ட் கெர்மர் முதலியோர் 1920-களில் இதற்கு வழிகண்டார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் இன்மன் தலைமையில் உழைத்த குழுவினர் அதனைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். 1938-இல் விற்பனை தொடங்கியது. அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. விமானமும் குண்டும் செய்யும் ஆலைகள் இரவு பகலாக இயங்கின. அமைதிக் காலத்தில் மெல்ல மெல்லப் பரவியிருக்கக்கூடிய விளக்கு, போரின் தேவையால் சில ஆண்டுகளிலேயே ஆலைகளை நிரப்பிவிட்டது.

அந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. தொடக்ககாலத்து ஒளிர்பொடிகளில் பெரிலியம் என்னும் உலோகத்தின் கூட்டுப்பொருள் கலந்திருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்றோர் ஊர் உண்டு. நம் சேலத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை. அங்கிருந்த குழல் விளக்கு ஆலையில் வேலை செய்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், மூச்சுத் திணறியும் உடல் மெலிந்தும் நோயுற்றார்கள். பெரிலியத்தை எவரும் உடனே ஐயுறவில்லை. காரணம், பலருக்கு நோய் தலைகாட்டியது வேலையை விட்டு நெடுநாள் சென்ற பிறகே. ஹாரியட் ஹார்டி என்ற பெண் மருத்துவர் பொறுமையோடு அவர்களை ஆராய்ந்து, தம்முடன் உழைத்த டாபர்ஷா என்பவருடன் சேர்ந்து, 17 பேரின் நோய் வரலாற்றை 1946-இல் வெளியிட்டார். 1949-இல் அமெரிக்க விளக்குத் தொழில் பெரிலியத்தைக் கைவிட்டது. பெரிலியம் இல்லாத வேறொரு பொடியை இங்கிலாந்தில் 1942-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதை எண்ணும்பொழுது, அந்த இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் என் மனத்தை உறுத்துகின்றன.

விளக்கைச் செய்தவர்களின் கதை இது. அதன்கீழ் நின்றவர்களுக்கு வேறோர் ஆபத்து காத்திருந்தது. நம் நாட்டு மின்சாரம் மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 சுழற்சிகள். ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை அதன் வலிமை சுழியாகிறது. ஆகவே பழைய சோக்கில் எரியும் குழல், நொடிக்கு நூறு முறை மங்கி மங்கி ஒளிர்கிறது. நம் கண் அதனை உணர்வதில்லை. ஆனால், சுழலும் இயந்திரத்தின் முன்னே நின்றால் கதை வேறு.

மாணவர்கள் இதனைத் தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். லேத்தில் இரும்பைப் பற்றிச் சுழற்றும் உறுப்பைச் 'சக்கு' என்பார்கள். நான்கு தாடைகள் கொண்ட ஒரு சக்கு நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுவதாகக் கொள்வோம். நொடிக்கு 25 சுற்று. நூற்றில் ஒரு நொடிக்குள் அது சரியாகக் கால் சுற்றுச் சுற்றிவிடும். விளக்கு அடுத்த முறை பிரகாசிக்கும்பொழுது முதல் தாடை இருந்த இடத்தில் இரண்டாம் தாடை வந்து நிற்கும். நான்கும் ஒரே வடிவமாதலால், சக்கு அசையாமல் நிற்பதுபோன்ற மயக்கம் உண்டாகும். வேகம் சற்றுக் குறைந்தால் அது மெதுவாகப் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தோன்றும். ஒளிர்பொடி ஒளியைச் சிறிது நேரம் தாங்கி வைத்திருப்பதால் மயக்கம் முழுமையாவதில்லை. என்றாலும், களைத்த கண்ணுக்கும் அவசரப்பட்ட கைக்கும் அவ்வளவு மயக்கமே போதும்.

பொறியாளர்கள் வாளாவிருக்கவில்லை. அடுத்தடுத்த விளக்குகளை மும்முனை மின்சாரத்தின் வெவ்வேறு முனைகளில் இணைத்தார்கள். ஒன்று மங்கும் கணத்தில் மற்றொன்று ஒளிரும். நான் பார்த்த பழைய பட்டறைகளிலோ, கூரையில் குழல் விளக்கு எரியும்பொழுதே லேத்தின் தலைக்கருகில் ஒரு குண்டு விளக்கும் எரியும். அதன் இழை சூடு ஆறுவதற்குள் அடுத்த மின்துடிப்பு வந்துவிடுமாதலால் அது அவ்வளவாக மங்குவதில்லை. அது வீண் செலவன்று, தொழிலாளியின் விரலுக்குக் காவல் என்பதை இப்பொழுது நீங்களே உணர்வீர்கள். பின்னர் வந்த மின்னணுச் சோக்குகள், நொடிக்குப் பல்லாயிரம் சுழற்சிகளில் குழலை எரித்து இக்குறையைப் பெரிதும் போக்கின.

எல்.இ.டி. விளக்கின் பிறப்பு இதைவிடப் பழைய கதை. 1907-இல் ஹென்றி ரவுண்டு என்ற ஆங்கிலேயர், கார்போரண்டம் படிகத்தில் மின்சாரம் பாய்ச்சியபொழுது அது மஞ்சளாக ஒளிர்வதைக் கண்டு, ஒரு சிறு கடிதமாக எழுதி வெளியிட்டார். 1920-களில் ரஷ்யரான ஓலெக் லோசெவ் அதனை ஆழ்ந்து ஆராய்ந்தார். 1942-இல் லெனின்கிராட் முற்றுகையில் பசியால் மாண்டார். 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் சிவப்பு ஒளி தரும் டையோடைச் செய்தார். ஆனால் பிரகாசமான நீலம் வாய்க்கவில்லை. நீலமின்றி வெண்மை இல்லை. ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தில் அகசாகியும் அமானோவும், அனான் என்னும் சிற்றூரில் நகமுராவும் காலியம் நைட்ரைடு படிகத்தோடு போராடி வென்றார்கள். 1993-இல் நகமுராவின் நீல விளக்கு வெளிவந்தது. நீலத்தின்மேல் மஞ்சள் ஒளிர்பொடியைப் பூசி வெள்ளொளி பெற்றார்கள். 2014-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நகமுரா பணிசெய்த நிறுவனம், குழல் விளக்குகளுக்கு வேண்டிய ஒளிர்பொடியைச் செய்து வந்த நிறுவனம்! குழல் விளக்கின் முடிவு அதன் சொந்த வீட்டிலேயே பிறந்தது எனலாம்.

பட்டறையின் கணக்கு எளியது. பழைய நான்கடிக் குழலுக்கு 40 வாட்டு. சோக்கு விழுங்குவது ஏறக்குறைய 10 வாட்டு. அதனிடத்தில் எல்.இ.டி. குழலுக்கு 20 வாட்டே போதும். நூறு விளக்குகள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் 30 யூனிட்டு மிச்சம். ஆனால், வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி மற்றொன்றும் உண்டு. எல்.இ.டி. குழலுக்குள் மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசை மின்சாரமாக மாற்றும் சிறு கருவி இருக்கிறது. அது நல்லதாக இருந்தால் ஒளி அசையாது நிற்கும். மலிவான சரக்காக இருந்தால் பழைய குழலைப் போலவே, சில வேளைகளில் அதைவிட மோசமாகவும், நூறு முறை துடிக்கும். அப்பொழுது சக்கு மீண்டும் நிற்பதுபோல் நடிக்கும்.

சோக்கை நீக்கி மின்சாரத்தை நேரே பிடிப்புக்குக் கொண்டுவந்தால், அங்கு ஒரு சீட்டு ஒட்டுவது அவசியம். விவரமறியாத ஒருவர் பின்னாளில் பழைய வகைக் குழலை அதில் மாட்டினால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தச் சோக்கு இல்லாமையால் விபத்து நேரலாம்.

கழற்றிய குழல்களை என் செய்வது? ஒவ்வொன்றிலும் பாதரசம் இருக்கிறது. பழையவற்றில் பல பத்து மில்லிகிராம், புதியவற்றில் சில மில்லிகிராம். பாதரச நஞ்சால் அழிவுற்ற ஜப்பானிய ஊரான மினமாட்டாவின் பெயரால் 2013-இல் ஓர் உலக உடன்படிக்கை ஏற்பட்டது. பொது ஒளிக்கான நேர்குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-ஆம் ஆண்டுக்குள் நிறுத்துவதென்று அதன் உறுப்பு நாடுகள் 2023-இல் முடிவு செய்தன. உற்பத்தி நின்றாலும், பட்டறை மூலைகளில் சாத்திவைத்த குழல்கள் இருந்துகொண்டுதான் இருக்கும். அவற்றைக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் உடையாமல் ஒப்படைக்க வேண்டும். கைதவறி ஒன்று உடைந்துவிட்டால், சன்னல்களைத் திறந்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் எல்லோரும் வெளியே இருங்கள். பிறகு துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டியான அட்டையால் துண்டுகளை வாரி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடிவிடுங்கள்.