சோழவரத்து ஓடுபாதையும் சிதைந்த கார்களும்

பழவேற்காட்டு ஏரியை அடுத்த காட்டூரிலிருந்து மீஞ்சூர் வழியாக மேற்கே சென்று, கல்கத்தாவுக்குப் போகும் பழைய பெருவழியைத் தொடுகிறவர்களுக்குச் சோழவரம் என்றால் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிதான் நினைவுக்கு வரும்; ஆனால் இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் அங்கே போடப்பட்ட விமான ஓடுபாதை, யுத்தம் ஓய்ந்தபின் பல்லாண்டுக் காலம் தென்னாட்டு மோட்டார் பந்தயத்தின் தலைமைப் பீடமாக விளங்கிற்று என்பதை அந்தப் பிரதேசத்து இளைஞர்களே அறிவார்களோ என்பது சந்தேகம்.

1953-ல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களைக் காணப் பெருந்திரளாக ஜனங்கள் கூடினார்கள். ஓடுவதற்குக் கார்கள் எங்கிருந்து வந்தன என்பதே சுவாரசியமான விஷயம். அந்நியச் செலாவணிப் பஞ்சத்தால் வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி இறுகிப்போன அந்த நாட்களில், ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்கு இரண்டு மார்க்கங்களே இருந்தன: கைமாறிக் கைமாறி வந்த பழைய வண்டியை வாங்குவது, அல்லது விபத்தில் சிதைந்த ஒன்றை எடுத்து அதற்குப் புது ஜன்மம் கொடுப்பது.

இரண்டாவது மார்க்கத்துக்கு உகந்ததாக அமைந்தது, 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் உடற்கூடு தனி, சேஸ் தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் மேல்பாகம் முழுவதும் கையோடு வந்துவிடும். ஆகவே கூரை நசுங்கிய வண்டியிலும் சேஸ் நேராக இருந்தால் அதன்மேல் வேறொரு தாழ்ந்த கூட்டைப் பொருத்திவிடலாம். சீமையிலேயே, ஹெரால்டை முதலில் செய்த டிரையம்ப் கம்பெனியார் அதன் சேஸைக் குறுக்கித்தானே ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள்! சென்னையில் உதிரிபாகம் தேடுகிறவர்களுக்குப் புதுப்பேட்டைக் காயலான் கடைகள் இருந்தன. எதை எதனோடு சேர்த்தால் ஓடும் என்பதை அனுபவத்தாலேயே அறிந்த மெக்கானிக்குகளின் சாமர்த்தியத்தை, எந்தச் சர்வகலாசாலைப் பட்டத்துக்கும் தாழ்த்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1980-களில் தொழிலதிபர் விஜய் மல்லையா சோழவரத்தில் ஓட்டிய என்சைன் பார்முலா ஒன் கார்கூட அந்நிய நாட்டில் ஓடி ஓய்ந்த பழைய வண்டிதான். செல்வமும் இல்லாமையும் ஒரே ஓடுபாதையில் பழைய இரும்பையே நம்பி நின்றன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை அமைந்தது.

சிதைந்த காரை வாங்குவது அக்காலத்தில் இழிவாகக் கருதப்படவில்லை. பந்தயக்காரன் தான் வாங்கியது சிதைந்தது என்று தெரிந்தே வாங்கினான். தெரியாமல் வாங்க நேர்கிறபோதுதான் வினை. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டமென்று கைவிட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அந்த விஷயத்தைக் குறித்துவிடுகிறார்கள். நம் நாட்டு ஆர்.சி. புத்தகத்தில் அப்படி ஒரு குறிப்பு கிடையாது. வாகனம் அழிந்துபோனாலோ, நிரந்தரமாக உபயோகத்துக்கு லாயக்கற்றுப் போனாலோ, 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவித்துப் புத்தகத்தை ஒப்படைக்கவேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு விதிக்கிறது. விதி அனுஷ்டிக்கப்படாத இடத்தில், சிதைந்த வண்டியின் புத்தகத்தை வேறு வண்டிக்குப் பொருத்தலாம் என்பதால், இரும்பைவிடப் புத்தகத்துக்கே விலை ஏறிவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏலம் போனபின், டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்த வண்டிகளைச் சென்னைவாசிகள் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியதில் நியாயம் உண்டு.

ஐம்பது வருஷம் கடந்த வாகனங்களைப் புராதன வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் விதிகள் வந்தன; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். ஆனால் சேஸையோ கூட்டையோ எஞ்சினையோ கணிசமாக மாற்றியிருக்கக் கூடாது என்கிறது நிபந்தனை. அப்படியானால், ஹெரால்டை அறுத்து ஒட்டிச் செய்த சோழவரத்து வண்டி எதற்கும் இதில் இடமில்லை. அசலைக் காக்கப் பிறந்த விதி, நம்முடைய அசலான சரித்திரத்தையே வெளியே நிறுத்திவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க எண்ணுகிறவர்கள், சேஸ் எண் வெட்டியிருக்கும் இடத்தைத் துடைத்து, மேலே மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, அதை ஆர்.சி. எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, இன்ஷூரன்ஸ் பத்திரங்களையும் கேட்டு வாங்கிப் படித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.