பழைய ரோந்துப் படகு ஏலத்திற்கு வந்தால்… வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஜெஞ்சாரோம் - பந்திங், கேரித் தீவு, தெலுக் பங்லிமா காராங் வட்டாரங்களில் கடலுக்குத் தூண்டில் போடப் போகிறவர்கள் பலர். அரசாங்கத்தின் பழைய ரோந்துப் படகு மலிவாகக் கிடைக்கிறது என்றால், நான்கு பேர் சேர்ந்து வாங்கிவிடலாம் என்ற ஆசை வருவது இயல்பு. முறையான விற்பனையில் எடுத்தால் அதில் தவறில்லை. ஆனால் ஏலத்தில் கட்டும் பணம் செலவின் தொடக்கம் மட்டுமே.

விற்பனை முறை

பயன்பாடு முடிந்த சொத்துகளை அரசாங்கத் துறைகள் நிதியமைச்சின் நடைமுறைப்படி தெண்டர், செபுட் ஹர்கா, லெலோங் ஆகிய வழிகளில் விற்கின்றன. பொருள் 'உள்ளது உள்ளபடி' கைமாறும். எடுத்த பிறகு இயந்திரம் ஓடவில்லை என்று திருப்பிக் கொடுக்க முடியாது. குறித்த நாள்களுக்குள் படகை அகற்றாவிட்டால் வைப்புத் தொகையும் போகக்கூடும். ஆகவே இழுத்துச் செல்லும் செலவையும் நிறுத்தும் இடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

எரிபொருள்

ரோந்துப் படகு விரட்டிப் பிடிப்பதற்காகக் கட்டப்பட்டது, சிக்கனத்திற்காக அல்ல. மலாக்காவில் கடற்படை அருங்காட்சியகத்திற்குச் சென்றவர்கள் அங்குள்ள கே.டி. ஸ்ரீ திரெங்கானுவைப் பார்த்திருப்பார்கள். 1960களில் பிரிட்டனில் வோஸ்பர் நிறுவனம் மலேசியாவுக்குக் கட்டிய 103 அடி ரோந்துக் கப்பல்களில் அதுவும் ஒன்று. இவ்வகைக் கப்பலின் இரண்டு டீசல் இயந்திரங்களும் சேர்ந்து சுமார் 3,500 குதிரைத்திறன் கொண்டவை. முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 600 லிட்டருக்கு மேல் டீசல் தேவைப்படும்.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 சென் ஆனது. அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்திற்கு 2,000 ரிங்கிட்டைத் தாண்டும். இரண்டு மணி நேர ஓட்டத்தை நான்கு பேர் பங்கிட்டாலும் ஆளுக்கு 1,000 ரிங்கிட் ஆகிவிடும். சிறிய ரோந்துப் படகு இவ்வளவு குடிக்காது. ஆனாலும் அதே அளவுள்ள மீன்பிடிப் படகைவிட அதிகம் குடிக்கும். வேகத்தைக் குறைத்து ஓட்டினால் செலவு கணிசமாகக் குறையும்.

படகின் உடல்

அலுமினிய உடலுக்குச் செம்பு கலந்த பாசித் தடுப்புச் சாயம் பூசக்கூடாது. உப்புநீரில் அது அலுமினியத்தை அரிக்கும். எஃகு உடல் என்றால் மீயொலிக் கருவியால் தகட்டின் தடிப்பை அளந்து பார்க்க வேண்டும். மேலே புதுச்சாயம் பளபளத்தாலும் அடித்தட்டு மெலிந்திருக்கலாம். பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட கப்பல்களின் இயந்திர அறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அதை அகற்றுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

பத்திரங்கள்

1952ஆம் ஆண்டு வணிகக் கப்பல் கட்டளைச் சட்டத்தின்படி பதிவுப் பணிகளைக் கவனிப்பது கடல்துறை. அதன் தலைமையகம் கிள்ளான் துறைமுகத்திலேயே இருப்பது இவ்வட்டார மக்களுக்கு வசதி. அரசாங்கச் சேவையில் இருந்த படகுக்குத் தனியார் படகுக்கு வேண்டிய ஆவணங்கள் எல்லாம் இருக்கும் என்று எண்ணக்கூடாது. எந்தப் பிரிவில் பதிவு அல்லது உரிமம், என்ன சோதனை, ஓட்டுபவருக்கு எந்தச் சான்றிதழ் என்பதைப் பணம் கட்டும் முன்பே அங்கு கேட்டுவிட வேண்டும். மீன் பிடித்து விற்க நினைத்தால் மீன்வளத்துறையின் உரிமம் தனி. பழைய துறையின் சின்னம், எழுத்து, நீல விளக்கு எதுவும் படகில் மிஞ்சக்கூடாது.

தூத்துக்குடி தரும் பாடம்

மீன்வளக் கண்காணிப்புக் கப்பலாக உருவான 'சீமேன் கார்டு ஓஹாயோ' பின்னர் ஒரு தனியார் கடல் பாதுகாப்பு நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2013 அக்டோபர் 12ஆம் தேதி இந்தியக் கடலோரக் காவல்படை அதைத் தடுத்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுசென்றது. அதில் 35 பேர் இருந்தனர். ஆயுதங்கள் மட்டுமின்றி, உள்ளூரில் டீசல் வாங்கியதும் வழக்கில் சேர்ந்தது. 2016 ஜனவரியில் அவர்களுக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2017 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. இடையில் நான்கு ஆண்டுகள் போய்விட்டன. அவதிப்பட்டவர்கள் கப்பலில் வேலைக்கு வந்தவர்கள்.

ஒரு காலத்தில் ரோந்துக்குப் போன கப்பல் என்பது புதிய உரிமையாளருக்கு எந்தச் சலுகையும் தராது. எங்கே போகிறது, எதை ஏற்றுகிறது, எண்ணெய் எங்கே வாங்குகிறது என்பதற்கெல்லாம் ஆவணம் வேண்டும். கூட்டாக வாங்குவோர் செலவுப் பங்கீட்டோடு, யார் பெயரில் பதிவு, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு, காப்புறுதி யார் கட்டுவது என்பதையும் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே வைப்புத் தொகை கட்டுவது நல்லது.