கைமாற்று

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையின் அடியில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. இருபுறமும் வாயுள்ள ஸ்பானர்கள், பிளக் கழற்றும் குழல் ஸ்பானர், மரப்பிடி போட்ட திருப்புளி, உப்புத்தாள் துண்டுகள், பழைய ஆக்ஸிலேட்டர் ஒயர், இரண்டு மூன்று செயின் லாக்குகள். இவற்றில் பாதிதான் அப்பாவுடையது. மீதி, தெருவில் வண்டி வைத்திருந்த மற்றவர்களுடையது. அதேபோல் எங்களுடைய பொருட்கள் சில எங்கெங்கோ இருந்தன. யாரும் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. "கைமாத்தாப் போயிருக்கு, வரும்" என்பார் அப்பா.

கைமாற்று என்ற சொல்லுக்குப் பத்திரமின்றி, வட்டியின்றி, தெரிந்தவரிடம் குறுகிய காலத்துக்குப் பெறும் கடன் என்பது பொருள். பணத்துக்கு வழங்கும் இச்சொல்லை அவர் ஸ்பானருக்கும் பயன்படுத்தியது அன்று எனக்கு வேடிக்கையாகத் தோன்றியது. இப்போது யோசிக்கையில், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோர் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவியை இதைவிடச் சரியாகச் சொல்லும் வேறு சொல் இல்லை என்றே படுகிறது. கருவி மட்டுமல்லாமல் அறிவும் அங்கே கைமாறியது. தந்தவருக்கே அதைத் திருப்பித் தரவேண்டும் என்பதில்லை. அடுத்து வருபவருக்குத் தந்தால் போதும். இப்பழக்கம் எப்படி உருவாயிற்று, எதனால் தேய்கிறது என்பதை இயன்றவரை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

*

தமிழ்நாட்டில் இந்தக் கதையை ஜி. டி. நாயுடுவிலிருந்து தொடங்குவதே முறை. 1893-இல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த அவர், இளம் வயதில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். கோவையில் ஓர் உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கியபின் அவர் செய்த முதல் காரியம் அதனைப் பிரித்துப்போட்டு மீண்டும் பூட்டியதுதான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கி, பின்னர் பெருந்தொழிலதிபரானவரின் பொறியியல் கல்வி அந்த ஒரு வண்டியில் தொடங்கியது.

அவருக்குச் சொல்லித்தர யாருமில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஊருக்கு ஒரு வண்டி இருக்கும்போது, கற்பவன் தனியாகத்தான் கற்க முடியும். கைமாற்று நடக்க வேண்டுமானால் தெருவுக்கு இரண்டு வண்டியாவது வேண்டும். அவை ஒரே மாதிரியான வண்டிகளாகவும் இருக்க வேண்டும்.

அந்த நிலை சுதந்திரத்துக்குப் பின்பே வந்தது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் புல்லட் உருவாகலாயிற்று. 1961-இல் மைசூரில் ஐடியல் ஜாவா தன் உற்பத்தியைத் தொடங்கியது. போலந்து நாட்டு வடிவமைப்பில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத்தைக் கொண்டுவந்தது. உரிமங்களும் ஒதுக்கீடுகளும் ஆண்ட காலம் அது. வண்டிக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிடைத்ததை இருபது ஆண்டுகள் ஓட்ட வேண்டும். போட்டியில்லாத சந்தையில் நிறுவனங்களும் வடிவமைப்பை மாற்றவில்லை. புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சின் சிறு திருத்தங்களோடு 2010-ஐ ஒட்டிய காலம் வரை நீடித்தது.

பொருளாதார வரலாற்றில் இது தேக்கம் என்றே எழுதப்படும், அது சரிதான். ஆனால் அந்தத் தேக்கம் எதிர்பாராத ஒன்றைத் தந்தது: அறிவு காலாவதியாகவில்லை. 1965-இல் ஒருவர் கற்றது 1995-இல் அவர் மகனுக்குப் பயன்பட்டது. பக்கத்து வீட்டு வண்டியின் பாகம் நம் வண்டியிலும் பொருந்தியது.

அந்த வண்டிகளுக்குத் தொடர்ந்து கவனிப்பும் தேவைப்பட்டது. பொறியை உண்டாக்கும் 'பாயிண்ட்' அடிக்கடி கருகும். அதனை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். டேப்பெட் சத்தம் போடும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் சைலன்சர் கரியால் அடைபடும். பெட்ரோலில் கலக்கும் எண்ணெய் கூடினால் பிளக் நனைந்து கரிபடியும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புல்லட்டைக் கிக் அடிப்பதற்கே ஒரு பயிற்சி வேண்டும். அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, டிகம்ப்ரஷரைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, பின்னரே உதைக்க வேண்டும். தெரியாமல் உதைத்தவரின் கணுக்காலை வண்டி திருப்பி உதைக்கும்.

டைமிங் வைப்பது இன்னும் நுணுக்கமானது. ராஜ்தூத் போன்ற வண்டிகளில் பிளக் துளை வழியே ஒரு சைக்கிள் ஸ்போக்கை விட்டுப் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். பாயிண்டின் இரு முனைகளுக்கும் நடுவே சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைச் செருகி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினால், தாள் விடுபடும் கணமே பொறி எழும் கணம். இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் சுழற்ற, மற்றவர் தாளைப் பிடித்து "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வாசலில் பள்ளி ஆசிரியர் ஒருவரும் சர்க்கரை ஆலை ஊழியர் ஒருவரும் அப்பாவோடு உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான். நட்பு பிறகு வந்தது. முதலில் வந்தது இரண்டாவது ஆளின் தேவை.

*

அதுவரை மோட்டார் வண்டி என்பது சம்பளக்காரர், மிராசுதார் ஆகியோரின் பொருள். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 அதை மாற்றியது. 49.9 சி.சி. எஞ்சின், கியர் கிடையாது, இருவர் உட்காரலாம், நின்றுபோனால் பெடல் போட்டு மிதிக்கலாம். பால்காரர், துணி வியாபாரி, கீரை விற்பவர், கரும்புத் தோட்டத்துக்காரர் என அத்தனை பேருக்கும் அது எட்டியது. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நெல் மூட்டையும் மரவள்ளிக் கிழங்கும் புல்லுக்கட்டும் ஏற்றிய அந்தச் சிறு வண்டி, மாட்டு வண்டியின் வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது.

ஊருக்கு மேற்கே தெரியும் கல்வராயன் மலைக்கும் அது ஏறியது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் அந்த மலை, தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976-இல்தான் அவ்வாட்சி முடிவுக்கு வந்தது. அடிவாரத்தில் கோமுகி அணை 1965-இலேயே கட்டப்பட்டுவிட்டதை இதனோடு வைத்துப் பார்த்தால், மலை எவ்வளவு பின்தங்கவிடப்பட்டது என்பது விளங்கும். அரசின் சாலையும் பேருந்தும் எட்டாத சிற்றூர்களுக்குத் தனியார் சக்கரமென்று முதலில் போனவற்றில் இந்த ஐம்பது சி.சி. வண்டிகளும் உண்டு.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு வளைந்து ஏறும் சாலையில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். சுமையோடு ஏறும் சிறு எஞ்சின் சூடேறித் திணறும். இறங்கும்போது பிரேக் ஷூ தேயும். அந்தச் சாலையில் எழுதப்படாத ஒரு விதி இருந்தது: நிற்கும் வண்டியைக் கண்டால் நிறுத்து. "என்னண்ணே ஆச்சு?" என்ற கேள்வியோடு ஒருவர் இறங்குவார். சட்டைப் பையிலோ வண்டிப் பையிலோ உபரி பிளக் ஒன்று இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு போனவர் திருப்பித் தருவார் என்ற எதிர்பார்ப்பும் இராது. அடுத்த வளைவில் அவர் வேறொருவருக்கு நிறுத்தினால் சரி.

இதையெல்லாம் பொற்காலமாக எழுதிவிடக் கூடாது. ஊருக்குள், வீட்டு வாசலில், யார் யாரிடம் கருவி கேட்கலாம் என்பதைத் தெருக்களே தீர்மானித்தன. தெருக்களைச் சாதி தீர்மானித்தது. ஸ்பானர் சாதி பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். மலைச்சாலையில் மட்டும், மழை வரும் முன் கீழே இறங்கியாக வேண்டிய இருவருக்கிடையே, அந்தக் கேள்வி சற்றுநேரம் ஒத்திவைக்கப்பட்டது. பெண்களோ இந்தக் கைமாற்றில் பெரும்பாலும் சேர்க்கப்படவே இல்லை. வண்டி ஓட்டிய பெண்களுக்கும் பிளக் எங்கிருக்கிறது என்று யாரும் காட்டித்தரவில்லை.

*

மாற்றம் 1985-இல் வந்தது. ஜப்பானிய ஹோண்டாவின் கூட்டில் ஹரியானாவில் தயாரான சி.டி. 100, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடும் வியக்கத்தக்க மைலேஜோடும் இறங்கியது. பெட்ரோலை நிரப்பு, மூடியை மூடு, மறந்துவிடு என்பதே அதன் புகழ்பெற்ற விளம்பரத்தின் சாரம். உண்மையிலேயே மறக்க முடிந்தது. அதுதான் அந்த வண்டியின் வெற்றி. ஆயினும் ஒரு பொருளை மறந்துவிடலாம் என்றானபின், அதைப் பற்றி அடுத்தவரிடம் கேட்பதற்கும் ஒன்றும் இருப்பதில்லை. ஞாயிறு காலைகள் மெல்லக் கலைந்தன.

இந்தப் பிளவை மேற்கில் முன்பே ஒருவர் நாவலாக்கியிருந்தார். 1974-இல் வெளிவந்த ராபர்ட் பிர்ஸிக்கின் மோட்டார் சைக்கிள் பராமரிப்பு பற்றிய நூலில், கதைசொல்லி தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்பவர். உடன் வரும் நண்பர் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ. வைத்திருப்பவர், அதன் உள்ளே பார்க்க விரும்பாதவர். நண்பரின் வண்டியில் கைப்பிடி தளர்கிறது. பீர் டப்பாவின் தகட்டை வெட்டிச் செருகினால் சரியாகும் என்கிறார் கதைசொல்லி. நண்பர் முகம் சுளிக்கிறார். நம் ஊரில் அந்தத் தகட்டை யாரும் அருவருத்திருக்க மாட்டார்கள். எண்ணெய் டின்னை வெட்டிக் கொடுத்திருப்பார்கள். பிர்ஸிக்குக்கு அது மனநிலையின் சிக்கல். மலைச்சாலையில் நிற்பவருக்கு அது இருட்டுவதற்குள் வீடு சேரும் சிக்கல். இவான் இல்லிச் 1973-இல் எழுதியது இவ்விடத்தில் கூடுதலாகப் பொருந்துகிறது: பயன்படுத்துவோர் தாமே கையாளக்கூடிய கருவி மனிதனைச் சுதந்திரமாக்கும், நிபுணரிடம் மட்டுமே திறக்கும் கருவி அவனைச் சார்ந்திருக்கச் செய்யும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 புகைவிதிகள் நடைமுறைக்கு வந்தன. பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், எரிபொருளைக் கணக்கிட்டுத் தெளிக்கும் மின்னணு அமைப்பு வந்தது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி 2015-இல் நான்கு ஸ்ட்ரோக்காகி, 2020-இல் இதற்கும் மாறியது. புகை குறைந்தது, காலையில் ஒரே முயற்சியில் எஞ்சின் எழுகிறது. இவை சிறிய நன்மைகள் அல்ல. டூ ஸ்ட்ரோக் புகையை மூச்சில் வாங்கி வளர்ந்த எங்கள் தலைமுறை அதை மறுக்கவும் முடியாது. ஆனால் சென்சார் ஒன்று பழுதானால் ஒரு விளக்கு எரிகிறது. அந்த விளக்கின் பொருளைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும். அந்தக் கருவி அடிவாரத்து நகரத்தில், விற்பனையாளரின் பட்டறையில் இருக்கிறது. "என்னண்ணே ஆச்சு?" என்று நிறுத்துபவரிடம் இரக்கம் குறையவில்லை. கொடுப்பதற்குத்தான் அவரிடம் ஒன்றும் இல்லை.

இதனை விதி என்று ஏற்க வேண்டியதில்லை. பழுது பார்க்கும் தகவலைக் கார் நிறுவனங்கள் வெளியாருக்கும் தரவேண்டும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் சட்டமியற்றியது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையவாசலையும் திறந்தது. குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் வேளாண் கருவிகளும் அடங்கும். சட்டமாக அது இன்னும் வலுப்பெற வேண்டும். பிழைக்குறியைப் படிக்கும் மலிவான கருவி ஒன்று வெள்ளிமலையில் ஒருவரிடம் இருந்து, அதற்கான விளக்கம் தமிழில் கிடைத்தால், கைமாற்று மறுபடி தொடங்குவதற்கு அதுவே போதும்.

நகரங்களில் பழைய வண்டிகள் இன்று காதலின் பொருள். 1996-இல் மைசூர் ஆலை மூடப்பட்ட பின்னும் ஜாவா, யெஸ்டி பிரியர்கள் பாகங்களைத் தேடிப் பகிர்ந்து, ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஜாவா தினம் கொண்டாடுகிறார்கள். அவர்கள் காப்பாற்றிவரும் அறிவு மதிப்புமிக்கது. ஆனால் அங்கே அது விருப்பம்; மலையில் அது தேவை. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூனில் கள்ளச்சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது; சாலை வசதியும் அங்கே கேள்வியாயிற்று. ஜாகீர் முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின்னும் சாலை கேள்வியாக இருக்கும் இடத்தில், நின்றுபோன வண்டியைத் தானே ஓடவைக்க முடிவது பொழுதுபோக்கு ஆகாது.

அப்பா போன பிறகு அந்தத் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். எங்களுடையவை அல்லாத ஸ்பானர்கள் நான்கு இருந்தன. ஒன்றில் யாரோ ஆணியால் கீறிய முதலெழுத்து தெரிந்தது. யாருடையது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. எங்கள் பிளக் ஸ்பானரைக் காணவில்லை. அது எந்த வீட்டுத் திண்ணையடியில் இருக்கிறதோ, அங்கே இன்னும் பயன்பட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பெட்டியை மூடினேன்.