வைரத்தின் அணிக்கோவை அதிர்வுகள்

வைரப் படிகத்தில் கார்பன் அணுக்கள் தத்தம் இடத்தில் நின்றபடி கூட்டாக அதிர்வது அணிக்கோவை அதிர்வு எனப்படும். இதை அறியும் முக்கிய வழிகள் அகச்சிவப்பு உட்கவர்தலும் ராமன் சிதறலும். இந்த ஆய்வு வரலாற்றில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குத் தனி இடம் உண்டு.

அடிப்படை

அதிர்வின்போது மின் இருமுனைத் திருப்புத்திறன் மாறினால் படிகம் அகச்சிவப்பை உட்கவரும். முனைவாகும் திறன் மாறினால் ராமன் கோடு தோன்றும். வைரம், ஒன்றுக்குள் ஒன்று அமைந்த இரு அணிக்கோவைகளால் ஆனது. அவை எதிரெதிராக அசைவதே முதன்மை அதிர்வு. அதன் அதிர்வெண் நொடிக்குச் சுமார் 40 லட்சம் கோடி முறை. அணுக்கள் அனைத்தும் ஒரே வகை என்பதால் மின்னேற்றம் பிரிவதில்லை. ஆகவே தூய வைரத்தில் இந்த அதிர்வு அகச்சிவப்பில் தென்படாது. ராமன் நிறமாலையில் வலுவாகத் தெரியும்.

வரலாறு

1928-இல் கல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் திரவங்களிலும், மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மண்டல்ஷ்டாமும் படிகங்களிலும் ஒளி அலைநீளம் மாறிச் சிதறும் இந்தப் புதிய சிதறலைக் கண்டனர். 1930-இல் சி. ராமசாமி, வைரத்தின் முதன்மை அதிர்வுக்குரிய 1,332 செ.மீ.⁻¹ ராமன் கோட்டைப் பதிவு செய்தார். 1934-இல் ராபர்ட்சன், ஃபாக்ஸ், மார்ட்டின் மூவரும், 8 மைக்ரான் அருகே அகச்சிவப்பை உட்கவர்ந்து புற ஊதாவையும் மறிப்பவை முதல் வகை, மற்றவை இரண்டாம் வகை என வைரங்களைப் பிரித்தனர்.

1940-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆர். எஸ். கிருஷ்ணன், புற ஊதாவை ஊடுருவ விடும் இரண்டாம் வகை வைரங்களில் பாதரச விளக்கின் 2,536.5 ஆங்ஸ்ட்ராம் ஒளியைப் பாய்ச்சினார். அலைநீளம் மாறாமல் சிதறிய ஒளியைப் பாதரச ஆவி உறிஞ்சிக்கொள்ள, இரண்டு அதிர்வுகள் சேர்ந்து தரும் மங்கலான இரண்டாம் படி நிறமாலை துலங்கியது.

அதில் கூர்மையான கோடுகளைக் கண்ட ராமன், படிகத்துக்குச் சில தனித்த அதிர்வெண்களே உண்டு என்றார். 1935–36-இல் அவரது அழைப்பில் பெங்களூரில் பணியாற்றிய மாக்ஸ் பார்ன், அதிர்வெண்கள் தொடர்ச்சியாகப் பரவியவை என்றார். 1948-இல் ஹெலன் ஸ்மித்தின் கணக்கீடு பார்னுக்கு வலுச்சேர்த்தது. 1960-களின் நியூட்ரான் சிதறல் அளவீடுகள் அதை உறுதி செய்தன. இருவகை வைரங்களுக்கும் படிகச் சமச்சீர் வேறு என்ற ராமனின் கருத்தும் நிலைக்கவில்லை: முதல் வகையின் உட்கவர்தலுக்கு நைட்ரஜன் கலப்பே காரணம் என 1959-இல் கைசரும் பாண்டும் காட்டினர்.

ராமனின் விளக்கம் தோற்றாலும் ஆர். எஸ். கிருஷ்ணனின் அளவீடு நின்றது. 1970-இல் சோலினும், ராமனின் மாணவர் ஏ. கே. ராம்தாஸும் லேசர் கொண்டு அதே நிறமாலையை மீண்டும் அளந்து, பார்ன் வழியில் விளக்கினர். இன்று 1,332 கோடு, வைரத்தைப் போலிக் கற்களிலிருந்து பிரித்தறியவும், செயற்கை வைரப் படலங்களின் தரத்தையும் உள்தகைவையும் அளக்கவும் பயன்படுகிறது.