உங்கள் வீட்டுக்கு எத்தனை அம்பியர் தேவை?

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். மீள்குடியேறியபின் வீட்டுத்திட்டக் காசோடு கடனும் வாங்கி வீடு கட்டிய பலருக்கு, வயரிங்குக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். நாலு மின்குமிழுக்கும் இரண்டு பிளக்குக்கும் இழுத்த அதே வயரில் இன்று குளிர்சாதனப் பெட்டி, றைஸ் குக்கர், தண்ணீர் மோட்டர் எல்லாம் ஓடுகின்றன. வன்னியில் நான் போகும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கு" என்பது. பெரிய பிரேக்கர் போடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்கு

எங்கள் மின்னழுத்தம் 230 வோல்ட். சாதனத்தில் எழுதியிருக்கும் வாட்ஸை 230ஆல் பிரித்தால் அம்பியர் வரும். மின்சார சபையின் சிங்கிள் பேஸ் இணைப்பு 15 அம்பியர் என்றால் ஏறத்தாழ 3,450 வாட்ஸ். 30 அம்பியர் என்றால் 6,900 வாட்ஸ்.

ஒரு நடுத்தர வீட்டை எடுப்போம். இவை பொதுவான அளவுகள்; உங்கள் சாதனங்களின் லேபிளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

- எல்.ஈ.டி. மின்குமிழ் 8: 72
- மின்விசிறி 3: 225
- தொலைக்காட்சி: 100
- குளிர்சாதனப் பெட்டி: 150
- போன் சார்ஜர்கள்: 20
- கிரைண்டர்: 600
- றைஸ் குக்கர்: 700
- ஸ்திரிக்கைப்பெட்டி: 1,000
- ஒரு குதிரைவலு மோட்டர்: 1,100
- கெட்டில்: 2,000

மொத்தம் 5,967 வாட்ஸ், அதாவது சுமார் 26 அம்பியர். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. பின்னேரம் ஆறரை மணியை நினைத்துப் பாருங்கள்: விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சார்ஜர் போகின்றன, சோறு வேகிறது, தேத்தண்ணிக்கு கெட்டில், தாங்கிக்கு மோட்டர். 4,367 வாட்ஸ், 19 அம்பியர். 15 அம்பியர் இணைப்பு இதைத் தாங்காது. 30 அம்பியர் தாங்கும். மோட்டர் தொடங்கும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால் கொஞ்சம் இடைவெளி வேண்டும்.

இதோடு 4,500 வாட்ஸ் சுடுதண்ணி ஷவர் பூட்டினால் இன்னும் 20 அம்பியர் வேண்டும். மொத்தம் 39. அப்போது திறீ பேஸ் இணைப்பைப் பற்றி யோசிக்கலாம். அல்லது ஷவர் ஓடும்போது கெட்டிலையும் மோட்டரையும் நிறுத்தலாம், அதற்குச் செலவில்லை.

விழுவது எது?

பெட்டியில் இருக்கும் சிறிய பிரேக்கர் விழுந்தால் அந்த வயரில் சுமை கூடியிருக்கலாம், அல்லது எங்கோ ஷோட் ஆகியிருக்கலாம். சோதனைப் பொத்தான் உள்ள ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் மின்சாரம் எங்கோ கசிகிறது. வீடுகளில் அது வழமையாக 30 மில்லியம்பியர் கசிவுக்கே விழும்; சுமையை அது பார்ப்பதில்லை. நனைந்த மோட்டர், எலி கடித்த வயர், பழுதான கெட்டில் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேரடியாக இணைப்பது உயிரோடு விளையாடுவது.

பிரேக்கர் காப்பது வயரை. விளக்குக்குப் போகும் 1 சதுர மில்லிமீற்றர் வயருக்கு 6 அம்பியர், பிளக்குக்குப் போகும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயருக்கு 20 அம்பியர் என்பது வழமையான பொருத்தம். அந்த மெல்லிய வயரில் 32 அம்பியர் பிரேக்கர் மாட்டினால் அது விழாது. சுவருக்குள் வயர்தான் உருகும்.

புதிதாக வயரிங் செய்வோர் மோட்டருக்கும் குசினிக்கும் தனித்தனி வயர் இழுங்கள். பெட்டியில் இரண்டு மூன்று இடம் வெறுமையாக விடுங்கள், பிள்ளைகள் வளர சாதனங்களும் கூடும். தகுதிபெற்ற மின்னிணைப்பாளரிடம் பூமித் தொடுப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். மேலே உள்ள பட்டியலை உங்கள் வீட்டுக்கு நிரப்பி அவர் கையில் கொடுத்தால், என்ன பூட்டுகிறார், ஏன் பூட்டுகிறார் என்று நீங்களும் கேட்கலாம்.