உரோமானியக் கண்ணாடிக்கலச் சேகரிப்பு: முழுக்கலமும் சில்லும்

முன்னுரை

உரோமானியப் பேரரசுக் காலத்துக் கண்ணாடிக்கலங்களை ஐரோப்பியச் செல்வர்களும் பின்னர் அமெரிக்கச் செல்வர்களும் பெருவிருப்புடன் சேகரித்தனர். இன்று பெரும் அருங்காட்சியகங்களில் உள்ள கண்ணாடித் தொகுதிகள் பலவும் அத்தனியார் சேகரிப்புகளின் வழி வந்தவையே. சேகரிப்பாளர் எவற்றைத் தேடினர், எவற்றைப் புறக்கணித்தனர் என்பதும், அத்தெரிவு வரலாற்றறிவை எவ்வாறு பாதித்தது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

அன்றாடப் பொருளாகிய கண்ணாடி

கண்ணாடி தொடக்கத்தில் அச்சில் வார்த்தும் களிமண் உள்ளீட்டின் மேல் சுற்றியும் செய்யப்பட்ட அரும்பொருள். கி.மு. முதல் நூற்றாண்டில் சிரிய, பாலஸ்தீனப் பகுதியில் ஊதிச் செய்யும் முறை தோன்றியது. எருசலேமின் யூதர் குடியிருப்புப் பகுதியில் நாமான் அவிகாட் நடத்திய அகழாய்வில் கிடைத்த பட்டறைக் கழிவுகள் அம்முறையின் தொடக்கநிலையைக் காட்டுகின்றன. ஊதுமுறை பரவியபின் விலை வீழ்ந்தது. உரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் கிண்ணம் வாங்கலாம் என்று ஸ்டிராபோ எழுதுகிறார். நீரோ காலத்தில் இரு சிறு கிண்ணங்கள் 6,000 செஸ்டர்ஸ் விலைபோனதைப் பிளினி கூறுகிறார். ஒரே பொருள் எளியோர் கையிலும் செல்வர் மேசையிலும் இருந்தது என்பதற்கு இவ்விரு குறிப்புகளும் சான்றாகும். கி.பி. 301இல் டயோக்ளீஷியன் வெளியிட்ட விலை ஆணை கண்ணாடிக்கு எடைக்கணக்கில் விலை வரையறுத்தது. கண்ணாடி அக்காலத்தில் சந்தைப்பொருளாகிவிட்டதை இது உறுதிப்படுத்துகிறது.

உடைந்த கண்ணாடியும் வீணாகவில்லை. அதனைக் கந்தகத்துக்கு மாற்றாக வாங்கும் தெருவணிகரை மார்ஷியல் குறிப்பிடுகிறார். இத்தாலியின் கிராடோ அருகே மூழ்கிய ஒரு வணிகக்கப்பலில் மரப்பீப்பாய் ஒன்று நிறைய உடைந்த கண்ணாடி இருந்தது. உருக்கி மீண்டும் பயன்படுத்தவே அது கொண்டுசெல்லப்பட்டது. ஆகவே வீடுகளில் புழங்கிய கலங்களில் பெரும்பாலானவை உடைந்து உலைக்குத் திரும்பின. முழுமையாக எஞ்சியவற்றுள் பெரும்பகுதி இறந்தோருடன் புதைக்கப்பட்டவை.

சேகரிப்பின் வரலாறு

சேகரிப்பாளர் விரும்பியதோ முழுக்கலத்தையே. வெண்ணிறக் கண்ணாடியில் உருவங்கள் செதுக்கப்பட்ட நீலநிறப் போர்ட்லாந்துக் கலசம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமில் கர்தினால் ஒருவரிடம் இருந்த இது, பர்பெரினி குடும்பத்தாரிடமும் பின் வில்லியம் ஹாமில்டனிடமும் சென்றது. அவரிடமிருந்து 1784இல் போர்ட்லாந்துக் கோமகளுக்கு விற்கப்பட்டது. 1810இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 1845இல் பார்வையாளர் ஒருவர் இதனை உடைத்தார். ஒட்டப்பெற்ற கலசத்தை அருங்காட்சியகம் 1945இல் விலைக்கு வாங்கியது. உரிமையாளர் வரிசை இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும், இக்கலசம் எங்கே கண்டெடுக்கப்பட்டது என்பதற்கு உறுதியான சான்றில்லை. இதிலுள்ள உருவங்கள் யாரைக் குறிக்கின்றன என்ற விவாதம் முடிவுறாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பெலிக்ஸ் ஸ்லேட் 1868இல் தம் கண்ணாடித் தொகுதியைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்றார். பிரான்சில் சார்வே திரட்டிய தொகுதியை மார்க்வாண்ட் வாங்கி 1881இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். கிரோ திரட்டிய தொகுதி, மார்கன் வழி 1917இல் அங்கேயே சேர்ந்தது. இத்தொகைகள் கண்ணாடிக் கலையின் வளத்தை உலகறியச் செய்தன என்பதில் ஐயமில்லை.

பிழைகள் இரண்டு

சேகரிப்பு நோக்கு சில தவறான எண்ணங்களையும் வளர்த்தது. கல்லறைகளில் மிகுதியாகக் கிடைத்த நீள்கழுத்துச் சிறுகுப்பிகள் ‘கண்ணீர்க்குப்பி’ எனப் பெயர் பெற்றன. துயருற்றோர் தம் கண்ணீரை அவற்றில் பிடித்துவைத்தனர் என்ற கதையும் எழுந்தது. உண்மையில் அவை நறுமண எண்ணெயும் பூச்சும் வைத்த குப்பிகளே.

இரண்டாவது, வானவில் மினுக்கம் பற்றியது. சேகரிப்பாளரைக் கவர்ந்த இம்மினுக்கம் கைவினைஞர் இட்டதன்று. மண்ணின் ஈரம் கண்ணாடியிலுள்ள காரத்தைக் கரைக்க, மேற்பரப்பு மெல்லிய அடுக்குகளாகச் சிதைகிறது. அவ்வடுக்குகளில் ஒளி பட்டு நிறம் காட்டுகிறது. அழகெனப் போற்றப்பட்டது சிதைவின் அடையாளமாகும்.

இடம் அறிந்த சில்லுகள்

இதற்கு மாறாக, எகிப்தின் கரானிஸ் ஊரில் 1924 முதல் 1935 வரை மிச்சிகன் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வு வீடுகளில் புழங்கிய கண்ணாடியை வெளிக்கொணர்ந்தது. ஹார்டன் அதனை 1936இல் நூலாக்கினார். இசிங்ஸ் 1957இல் வெளியிட்ட வடிவ வகைப்பாடு, காலம் அறியப்பட்ட கண்டெடுப்புகளை அடிப்படையாகக் கொண்டது. ஒரு சில்லைக் கண்டு கலத்தின் வடிவையும் காலத்தையும் கூறும் வாய்ப்பு இத்தகைய பணிகளால் உருவாயிற்று.

இந்தியாவுடனான உரோமானிய வணிகத்தை ஆய்வோருக்கு இவ்வாய்ப்பு மிக இன்றியமையாதது. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்விலும், கேரளத்துப் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளிலும் உரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் சில்லுகள் கிடைத்தன. செங்கடற் பயண நூலாகிய பெரிப்ளுஸ், முசிறிக்கு வந்த பொருள்களுள் பண்படாக் கண்ணாடியைச் சேர்க்கிறது. யவனர் கலம் பொன்னொடு வந்து மிளகொடு பெயர்ந்ததைக் கூறும் அகநானூற்று 149ஆம் பாடலில் கண்ணாடி இடம்பெறவில்லை. இலக்கியம் சொல்லாமல் விட்டதைச் சில்லுகள் நிரப்புகின்றன. சேகரிப்பாளர் விலைகொடுத்து வாங்காத பொருள்கள் இவை. எனினும் எம்மண்ணடுக்கில், எப்பொருளோடு கிடைத்தன என்பது பதிவாகியிருப்பதால் வரலாற்றுச் சான்றாகின்றன. இதே சில்லுகள் பதிவின்றிச் சந்தைக்குச் சென்றிருப்பின், அவை அரிக்கமேட்டிலோ பட்டணத்திலோ கிடைத்தவை என்று நிறுவ இயலாது போயிருக்கும்.

முடிவுரை

கலைப்பொருள்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க 1970இல் யுனெஸ்கோ உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியாவில் 1972இல் தொல்பொருள் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் மலிவான சிறுகுப்பிகள் இன்றும் தொல்பொருட் சந்தைகளில் விற்கப்படுகின்றன. கிடைத்த இடம் குறிக்கப்படாத குப்பி ஒவ்வொன்றின் பின்னும் பதிவின்றிக் கலைக்கப்பட்ட கல்லறை ஒன்று இருக்கக்கூடும். கலம் முழுமையாக இருப்பதனால் மட்டும் அதன் வரலாறு முழுமை பெறுவதில்லை. அழகிய முழுக்கலம் காட்சிக்கூடத்துக்குப் பெருமை சேர்க்கலாம். வணிக வரலாற்றை எழுதுவோர் முதலில் நாட வேண்டியது இடம் அறிந்த சில்லையே எனத் துணியலாம்.